செத்த காஸ்டிக்

நெய்வேலியிலிருந்து முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் ஒரு சின்னப் பால் கம்பெனி. அங்கே நான் பாக்கெட் போடும் இடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறேன். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவள் என்பதால், கேன் கழுவும் அக்கா என்னைப் பார்த்ததும், "என்னா டவுன்ஷிப்பு, தூங்கி எழுந்துட்டியா?" என்று வம்புக்கிழுப்பார்.

கம்பெனியில் பால் குழாய்களைக் கழுவுகிற காஸ்டிக் சோடாக் கரைசலை ஒரு தடவையோடு கொட்டிவிட மாட்டார்கள். சூடாகக் குழாய்களுக்குள் ஓட்டி, திரும்பத் தொட்டியில் பிடித்து, மறுநாளும் அதையே ஓட்டுவார்கள். பல நாள் ஓடிப் பழுப்பேறிய பிறகு அது கேன் கழுவ வரும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் செத்த காஸ்டிக். புதுக் கரைசல் என்றால் நாலடி தள்ளி நிற்கிற அக்கா, இதில் மட்டும் வெறுங்கையை முழங்கை வரை விடுவார். கையுறை போட்டால் கேன் வழுக்குகிறதாம்.

"எரியலையாக்கா?"

"அதான் செத்துப்போச்சே. சோப்புத் தண்ணியாட்டம் வழவழன்னு இருக்குது பாரு."

தோல் கரைவதால்தான் அந்த வழவழப்பு என்று அப்போது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மாடியில் ஏசி ரூமில் இருந்தார்கள். ஒருநாள் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

அப்புறம்தான் வாசலில் விரல் வைக்கிற மெஷின் வந்தது. விரல் பதியாதவர்களுக்கு வேலையில்லை என்று புதுக் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் வந்தார். அன்றும் சிவப்புதான்.

"கையில ரேகையே இல்லம்மா. ரேகை வளர்ந்ததும் வாங்க" என்றார் கான்ட்ராக்டர்.

"வூட்ல அவரு படுத்துகினு இருக்காருங்க. என் ஒருத்தி வேலையிலதான் வூடு நடக்குது. இத்தினி வருசமா வந்துகினு இருக்கேன், இங்க யாரை வேணா கேளுங்க."

வாட்ச்மேனிலிருந்து சூப்பர்வைசர் வரை எல்லாருக்கும் அக்காவைத் தெரியும். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடப் போனார்; சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா மெஷினைப் பார்த்தார். அதன் கண்ணாடியில் அவர் விரல் எண்ணெய் ஒட்டியிருந்தது. கேனைத் துடைப்பது போலவே முந்தானையால் சுற்றிச் சுற்றி அழுத்தித் துடைத்துவிட்டு, எனக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

"நீ வையி டவுன்ஷிப்பு. ஷிப்டுக்கு நேரமாவுது."

வைத்தேன். உடனே பச்சை எரிந்தது. அக்காவைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளே போனேன்.