தலை மேலே

மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக் கிராம நர்ஸ் பிரபாவதிக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும். ஆங்கிலம் பேசும்போது மட்டும் பயம் வரும். அடிவார ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் பிரபாவதி நாலு ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

1999 ஐப்பசியில், நிறைமாதமாய் இருந்த பெருமாயிக்கு வலி கண்டது. வயிற்றைத் தடவிய பிரபாவதியின் கை, நெஞ்சுக்கூட்டுக்கு அடியில் குழந்தையின் தலை தட்டுப்பட்டதும் நின்றுவிட்டது. “தலை மேல இருக்குது,” என்று பெருமாயியின் புருஷன் அர்த்தனாரியிடம் சொல்லிவிட்டு டெலிபோன் பூத்துக்கு ஓடினாள்.

“பேபி அப்சைட் டவுன், மேடம்!”

“குட். தட்ஸ் நார்மல்,” என்றார் டாக்டர்.

பிரபாவதிக்கு வியர்த்துவிட்டது. வயிற்றுப் பிள்ளை தலைகீழாக இருப்பதுதானே சரி! எந்தப் புண்ணியவதி இந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தாள்?

“நோ மேடம், நோ! ஹெட் அப்! பாட்டம் டவுன்!”

எதிர்முனையில் டாக்டரின் குரல் உயர்ந்தது: “ப்ரிங் ஹெர். குயிக்!”

ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. பெருமாயியைத் தாங்கிப் பிடித்திருந்த அர்த்தனாரி மெல்லக் கேட்டான்: “ஏனுங்க சிஸ்டர், தலை மேலதானுங்க இருக்குது? அப்ப நல்லதுதானுங்களே?”

பிரபாவதி அவன் முகத்தைப் பார்க்காமல், “ஆமாங்க,” என்றாள்.