இரண்டாவது வரி

மரக்காணத்தில் நான் வேலை பார்த்த கண் கிளினிக்குக்கு டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் பவர் பார்ப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது எல்லாம் நான்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் உப்பளத்துக் கூலி ஆட்கள். வெயிலும் வெள்ளை உப்பும் சேர்ந்து அடிக்கிற கூச்சத்தில் கருவிழி ஓரத்தில் சதை வளர்ந்த கண்ணோடு வருவார்கள். மற்றவர்கள் கடற்கரைக் குப்பத்துக்காரர்கள்.

2005 ஜூனில் பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே மகளின் டீச்சர் என்னை வரச் சொன்னார். மகளுக்கு ஏழு வயது. எங்களுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அப்போதுதான் இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். போர்டில் எழுதிப்போடுவதை எழுதுவதே இல்லை, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறாள், கேட்டால் தெரியவில்லை என்கிறாள் என்று டீச்சர் சொன்னார். நீங்களே கண் ஆஸ்பத்திரியில்தானே வேலை பார்க்கிறீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். கிண்டலாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கு முந்தைய அரையாண்டு விடுமுறையில், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மகளும் அவள் அம்மாவும் குப்பத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தார்கள். தண்ணீர் வந்தபோது பிள்ளை அம்மாவின் கையிலிருந்து நழுவிவிட்டாள். சவுக்குத் தோப்பில் யாரோ ஒருவர் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து மேட்டில் போட்டார். இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். மகளின் காதிலும் மூக்கிலும் கண்ணிலும் மண். நான்தான் கழுவிவிட்டேன். அவர்களுக்கு மீனைக் கூறு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சாப்பிட்டோம், தூங்கினோம், வேலைக்குப் போனேன். எதுவும் உறைக்கவில்லை. பிள்ளைக்குப் புரையேறினால் மட்டும் தட்டை விட்டு எழுந்துவிடுவேன்.

டீச்சரைப் பார்த்த அன்று சாயங்காலமே மகளைச் சோதனை நாற்காலியில் உட்கார வைத்தேன். பள்ளி விட்டதும் அவள் கிளினிக்குக்குத்தான் வருவாள். தமிழ் எழுத்துப் பலகை முழுவதும் அவளுக்கு மனப்பாடம், அதனால் அது உதவாது. படிக்கத் தெரியாதவர்களுக்கென்று இன்னொரு பலகை உண்டு. மூன்று கால் உள்ள ஆங்கில E என்ற ஒரே எழுத்து நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்கும். கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். வரிக்கு வரி எழுத்து சிறிதாகும்.

ஒரு கண்ணை மூடினேன். முதல் வரியின் பெரிய எழுத்து கீழ்ப்பக்கம். காட்டினாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். கை மடியிலேயே கிடந்தது. தெரியவில்லை என்றாள். ஒருவர் எந்த வரியில் நிற்கிறாரோ அதற்கு மேல் வரியோடு பார்வை முடிந்தது என்று கணக்கு. கீழே போவதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் பார்ப்பேன், அவளுக்கும் அப்படித்தான் பார்த்தேன். மற்ற கண்ணிலும் அதே இடத்தில் நின்றாள். ஊசித்துளை போட்ட தகட்டை வைத்துப் பார்த்தேன். முன்னேற்றம் இல்லை. விளக்கடித்துப் பார்த்ததில் பவரும் இல்லை. கண்ணாடி போட்டால் சரியாகாத பார்வைக் குறைவுக்கு என்னென்ன காரணம் இருக்கும் என்று நான் படித்திருக்கிறேன். படிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர் சொட்டு விட்டு, கண்ணை விரியவைத்து வெகுநேரம் பார்த்தார். "உள்ள எல்லாம் நல்லா இருக்குப்பா. நரம்பும் கிளீனா இருக்குது. எதுக்கும் பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போய் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடு" என்றார். தலை என்றதும் நான் சரி சார் என்றேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைவதை நிறுத்தவில்லை.

அந்த நாட்களில் மகளைக் கவனிப்பதுதான் என் வேலையாக இருந்தது. நிலைப்படியில் இடித்துக்கொள்கிறாளா, தட்டில் முள்ளை எடுக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். தெருமுனையில் வரும் ஐஸ் வண்டியை அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள். மணிச் சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பாண்டிச்சேரிக்குப் போவதற்கு முதல்நாள் உப்பளத்துப் பெண் ஒருவர் பவர் பார்க்க வந்தார். வாய் ஓயாத ஆள். "இன்னா சார், மூணு பல்லு சீப்ப வெச்சிக்னு ஊரையே மெரட்டறீங்க. இதுல வாரினா பேன் கூட வராது" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகளும் அங்கேதான் இருந்தாள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் வலது இடது என்று சொல்வதில்லை. பலகை வடக்குச் சுவரில் இருந்ததால் வலது கைப் பக்கம் கடல், இடது கைப் பக்கம் ரோடு. கடலாண்ட, ரோட்டாண்ட, மேல, கீழ என்பார்கள். அந்தப் பெண் கீழ என்றார், ரோட்டாண்ட என்றார், அடுத்த எழுத்துக்கு அந்தாண்ட என்றார். அதற்கு அடுத்ததும் அந்தாண்ட. சில மாதங்களாக எல்லோரும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள் என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது. கடலாண்டன்னுதானேம்மா சொல்லுவீங்க என்று கேட்டேன்.

"அத்த ஏன் சார் வாயால சொல்லிக்னு" என்றார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

அவரை அனுப்பிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். ஒற்றை எழுத்து மட்டும் உள்ள கை அட்டை ஒன்று உண்டு. அதை அவளுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து மெல்லத் திருப்பினேன். மேலே. காட்டினாள். கீழே. காட்டினாள். ரோட்டுப் பக்கம் காட்டினாள். கடல் பக்கம் திருப்பினேன். கை எழவில்லை. மூக்குக்கு அருகில் கொண்டுபோனேன். அப்போதும் எழவில்லை.

நாற்காலியைத் தெற்கே பார்த்துத் திருப்பிப் போட்டேன். பலகையைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினேன். இப்போது அவளது வலது கைப் பக்கம் ரோடு. நின்றுபோன வரியின் எழுத்தைக் குச்சியால் தொட்டேன். உடனே கையை நீட்டினாள். அட்டையில் சரியாகக் காட்டிய இடப்பக்கம் இப்போது கடல் பக்கம், அந்த எழுத்துகளுக்குக் கை மடியில் கிடந்தது. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கேட்டேன். முதல்முறையாக இரண்டாவது வரியைத் தாண்டினோம். கடைசி வரியின் பொடி எழுத்துவரை ஒன்றுகூடத் தப்பில்லை.

"போதுமாப்பா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன். பலகையைத் திரும்ப வடக்குச் சுவரில் மாட்டினேன். ஆணி சரியாக உட்காரவில்லை, கொஞ்சநேரம் அதோடு நின்றேன்.

டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஸ்கேன் வேண்டாம் என்றார். வீட்டில் மனைவியிடம் கண் நன்றாக இருக்கிறது என்றேன், பிறகு கடல் பக்கம் மட்டும் கை எழாததையும் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுடலாம். இதுக்கு இன்னா போடுவீங்க?"

 சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். வகுப்பறையில் கரும்பலகை கிழக்குச் சுவரில் இருந்தது. அதை ஒட்டி அகலமான ஒரு ஜன்னல். சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு கோடு நீலமாகக் கடல் தெரிந்தது. போன வருடம் அவள் படித்த ஒன்றாம் வகுப்பு அறை ரோட்டுப் பக்கம் இருந்தது, அங்கே இந்தத் தொல்லை இல்லை. டீச்சரிடம் சொன்னேன். அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, குப்பத்துப் பிள்ளைகள் சிலரும் அப்படித்தான் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள், சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன் என்றார்.

சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது வராந்தாவில் நின்று பார்த்தேன். சுருள் கரும்பலகை ஒன்றை மேற்குச் சுவரில் தொங்கவிட்டு, பிள்ளைகளைத் திருப்பி உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் அவர்களுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. என் மகள் கடைசி வரிசையில் இருந்தாள். டீச்சர் எழுத எழுத நிமிர்ந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பலகைக்கும் அவளுக்கும் எவ்வளவு தூரம் என்று மனம் தானாக அளந்தது. அந்தத் தூரத்தில் அந்த அளவு எழுத்து தெரிந்தால் பார்வை சரி.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். கையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை. நான் அங்கே நிற்கிறேனா என்று மட்டும் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள். ஒரு வரி எழுதுவாள், என்னைப் பார்ப்பாள். கிளினிக் திறக்க நேரமாகிவிட்டது. மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.