மேலே ஒன்றும் எழுதாத தாள்

நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச வராது. கல்யாண வீட்டில்கூட ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருகிறவன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அன்றைக்கு எழுந்து பேசியது நான்தான் என்றால் எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

எங்கள் காலனி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. முகவரி சொன்னாலே சாதி தெரிந்துவிடும், விசாரணை பாதி முடிந்த மாதிரி. சுற்றுப்பக்கம் எங்கே என்ன காணாமல் போனாலும் ஜீப் முதலில் எங்கள் தெருவில்தான் வந்து நிற்கும். அந்த ஜீப்பில் பிளாஸ்டிக் நாற்காலியும் மைக்கும் டீ கேனும் வந்து இறங்கியது அன்றைக்குத்தான். வேப்ப மரத்தில் ‘காவல்துறை பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம்’ என்று பேனர் கட்டினார்கள்.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நன்றாகத்தான் பேசினார். “பழசை மறந்துருவோம். நீங்க எங்களை நம்புங்க, நாங்க உங்களை நம்புறோம்.”

எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மதினி முணுமுணுத்தாள். “போன தடவை வந்தப்ப கதவை ஒடைச்சாக. இந்தத் தடவை டீ குடுக்காக. சீனி மட்டும் செத்த தூக்கல்.”

அப்போது ஏட்டு அட்டையில் செருகிய ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஏழெட்டுப் பேர் போட்ட பிறகு என் கைக்கு வந்தது. கையெழுத்துகள் எல்லாம் பாதித் தாளுக்குக் கீழே இருந்தன. மேலே வெறும் வெள்ளை.

எனக்குக் கை ஓடவில்லை.

பல வருசத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் சங்கிலி ஒன்று காணாமல் போனது. கையில் பெயிண்டோடு என்னைச் சாரத்திலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதவில்லை. அங்கே இரண்டு நாள் நடந்ததை என் மனைவிக்கே முழுசாகச் சொன்னதில்லை. மூன்றாம் நாள் அந்த வீட்டு அரிசி டிரம்மிலேயே சங்கிலி கிடைத்துவிட்டது. போகலாம் என்றார்கள். போகும் முன் இரண்டு வெள்ளைத் தாளை நீட்டினார்கள்.

“மேல என்ன சார் எழுதுவீக?”

“அதைப் பொறவு எழுதிக்கிடுவோம். நீ கீழே போடுலே.”

போட்டேன். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. அன்றிலிருந்து ஜீப் தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம், என் தாளில் இன்றைக்கு எதையோ எழுதி முடித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பேன்.

“என்னப்பா, பேனா எழுதலையா?” ஏட்டு குனிந்தார்.

“எழுதுது ஏட்டையா. மேல ஒண்ணும் இல்லையே.”

“வருகைக்குத்தாம்ப்பா. மேல பொறவு எழுதிக்கிடலாம்.”

அதே வார்த்தை. எழுந்துவிட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

“அப்பம் நான் போட மாட்டேன்.”

இன்ஸ்பெக்டர் என்னவென்று கேட்டார். சொன்னேன். “எங்கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாள் ரெண்டு போலீஸ்ட்ட கெடக்கு மேடம். அதைத் திருப்பிக் குடுங்க. நம்புறதைப் பத்திப் பொறவு பேசுவோம்.”

“அது என் ஸ்டேஷன் இல்லையே. நானே வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது.”

“ஒருத்தன் மேல சந்தேகம்னா தெருவையே ஒண்ணாத்தான பாக்கீக? நாங்களும் உங்களை அப்படித்தான் பாக்கோம்.”

மதினி எழுந்து வந்து அட்டையைப் பிடுங்கினாள். “ஏட்டையா, எங்க வீட்டுக்காரரு போட்டதை மொதல்ல அடிங்க.” போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஏட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளை வாங்கி நாலாகக் கிழித்தார். கிழித்ததையும் மதினி கேட்டு வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். “அடுப்புக்கு ஆகும்.”

புதுத் தாளின் உச்சியில், கையெழுத்து எதற்கென்று இன்ஸ்பெக்டரே எழுதி என்னிடம் நீட்டினார். எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன். இரண்டே வரிதான், வெகுநேரம் ஆனது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வரியை ஒட்டி, இடைவெளி விடாமல் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் போட்டு முடித்ததும் தாளை வாங்கி, மிச்ச இடத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்தேன்.

“பெரிய வக்கீலு!” என்றார் ஏட்டு.

“பெயிண்டரு ஏட்டையா. சந்து விட்டா தண்ணி எறங்கிரும்.”

பழைய தாள்களைக் கேட்டு நானே ஒரு மனு எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். எழுத்துப் பிழையோடுதான். சீல் வைத்து ரசீது வாங்காமல் நகரவில்லை. தாள்கள் இன்னும் வரவில்லை. திங்கள்கிழமைதோறும் வேலைக்குப் போகும் வழியில் ரசீதோடு இன்ஸ்பெக்டரின் ஸ்டேஷனில் போய் நிற்கிறேன். ஏலே என்று என்னை இப்போது அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. போன வாரம் ஏட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க. டீ சொல்லவா?”

உட்கார்ந்தேன். “டீ வேண்டாம். தாள் வரட்டும்.”