மூன்று வரி நிரலுக்கு மூன்றாம் இடம்

மழை ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்மணியைக் ‘கேபிள் அக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எது படுத்துக்கொண்டாலும் முதலில் மேசைக்கடியில் குனிந்து கேபிளைப் பிடுங்கிச் செருகுவார். பாதிப் பழுது அதிலேயே தீர்ந்துவிடும்.

மழையைக் கணிக்கும் கணினி நிரல்களில் எது கெட்டிக்கார நிரல் என்று சோதித்து வரிசைப்படுத்தும் பொதுத் தளம் ஒன்று வெளியே இருந்தது. அதன் பாகங்களை யாரும் தங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். நிலைய இயக்குநருக்கு ஆசை வந்துவிட்டது.

“நம்ம டேட்டா எதுக்கு அடுத்தவங்ககிட்ட இருக்கணும்? எல்லாம் இங்கயே ஓடட்டும்.”

தரவைச் சேமிக்க ஒரு பாகம், நிரலை ஓட்ட ஒன்று, மதிப்பெண் போட ஒன்று, பட்டியலைத் திரையில் காட்ட ஒன்று, உள்ளே வருவது யாரென்று பார்க்க ஒன்று. இயக்குநர் பாகத்துக்கொரு குழு அமைத்தார். ஐந்து குழுக்களும் கூடிக் கூடித் தேநீர் குடித்தன. அக்கா பழைய ஜெராக்ஸ் அறையை ஒழித்து ஐந்தையும் தனியாளாக நிறுவினார்.

“தனித்தனியா நல்லாத்தான் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது,” என்று கணவரிடம் அலுத்துக்கொண்டார்.

பள்ளி வேன் ஓட்டும் கணவர், “எங்க அண்ணன் தம்பிங்க மாதிரின்னு சொல்லு,” என்றார்.

ஒருவழியாக ஐந்தும் பேசத் தொடங்கியதும், சோதனைக்காக மூன்று வரியில் ஒரு நிரல் எழுதிப் போட்டார். நேற்று எவ்வளவு மழையோ இன்றும் அவ்வளவே என்பதுதான் அதன் மொத்த அறிவு. அதை நீக்க மறந்தும்போனார்.

திறப்பு விழாவில், விருந்தினர் முன்னால் பெரிய திரையில் பட்டியல் விரிந்தது. இயக்குநர் ஏழு வருஷம் உழைத்து எழுதிய நிரலுக்கு ஒன்பதாம் இடம். மூன்றாம் இடத்தில் ‘அக்கா சோதனை’.

மறுநாள் இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். “நம்ம சர்வர்தானேம்மா? கொஞ்சம் பாத்துப் பண்ணக்கூடாதா?”

“மார்க் போடுற பாகத்துக்கு யார் எழுதினதுன்னே தெரியாது சார். வேணும்னா திரையில காட்டுற பாகத்தை மட்டும் நிறுத்தலாம். மத்த நாலும் ஓடும்.”

இயக்குநர் முகத்தில் உயிர் வந்தது. ஆண்டறிக்கையில், ‘ஐந்தில் நான்கு பாகங்கள் தடையின்றி இயங்குகின்றன’ என்று எழுதினார்கள். ஐந்தாவதன் குழுவுக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு.

தினசரி வானிலை அறிக்கை தயாரிக்கும் பிரிவினர் மட்டும், எந்த நிரலை நம்புவது என்று கேட்டு ஜெராக்ஸ் அறைக்கே வந்தார்கள். அக்கா மதிப்பெண்களைக் காகிதத்தில் அச்சடித்து நீட்டினார். திரையில் காட்டக்கூடாது என்றுதானே உத்தரவு.