யாரும் கூப்பிடாத மார்ச்

அபுதாபியின் முசஃபாவில் நான் வேலை பார்த்த, குழாய் செய்யும் யார்டில், வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்த ஃபிலிம்களைப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன கேபின் இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள். தினமும் காலையில் நானும் ஒரு அமெரிக்கரும் அதற்குள் அருகருகே உட்கார்ந்திருப்போம். நான் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு எஞ்சினியர். அவர் க்ளையன்ட் அனுப்பிய இன்ஸ்பெக்டர். நான் சரி என்று சொல்வதை அவரும் சரி என்று சொன்னால்தான் குழாய் யார்டைவிட்டு வெளியே போகும். ஆரம்பத்தில் எங்களுக்குள் ஓயாத சண்டை. அவர் இல்லாத விரிசலைக் காண்கிறார் என்று நான் சொல்வேன், இருக்கிற விரிசலை நான் காணவில்லை என்று அவர் சொல்வார். போகப்போக சிநேகமாகிவிட்டோம். இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு எத்தனை நாள்தான் சண்டை போட முடியும்?

ஒரு பிப்ரவரி மாதக் காலையில் அவர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

"என் தம்பி இங்கே வரான். அடுத்த மாசம் அவன் ஃப்ரீ ஏஜென்ட்."

வேலை போய்விட்டது என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க, வேற கிடைக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். தம்பி அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாம் தொலைக்காட்சியில் பார்க்கிற கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிறார்களே, அது. தம்பி ஆடுவது முன்வரிசையில். பந்து வைத்திருப்பவன் மேல் எதிரணி வந்து விழாமல் மறித்து நிற்பது அவன் வேலை.

அங்கே எப்படி நடக்கும் என்று அவர் விளக்கினார். கல்லூரியிலிருந்து வரும் பையன்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும். எந்த அணி எடுக்கிறதோ அதற்குத்தான் போயாக வேண்டும், பையனின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. அப்படி எடுத்தவனோடு நாலு வருஷ ஒப்பந்தம். அது முடிந்தால் அவன் ஃப்ரீ ஏஜென்ட், சுதந்திர மனிதன், எந்த அணியோடும் பேசலாம். மூணு வருஷம் மட்டுமே முடித்து ஒப்பந்தம் தீர்ந்தவன் என்றால் அரைச் சுதந்திரம். அவன் வெளியே பேசலாம், ஆனால் வெளியார் கொடுப்பதைப் பழைய அணியும் கொடுக்கிறேன் என்றால் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

"கம்பெனிக்காரன் என்.ஓ.சி. தர வேண்டாமா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் வளைகுடாவுக்கு வந்த காலத்துக் கதையைச் சொன்னேன். ஆட்சேபணை இல்லை என்று கபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, எழுதித் தராமல் யாரும் அடுத்த கம்பெனிக்குப் போக முடியாது. முறைத்துக்கொண்டு போனால் தடை விழும். என்னோடு அறையில் இருந்த ஒரு வெல்டர் அப்படித் தடை வாங்கி ஊருக்குப் போனவர்தான், திரும்பி வரவே இல்லை. இப்போது சட்டம் மாறிவிட்டது, நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார். ஒவ்வொரு அணியும் வருஷத்துக்கு ஒரே ஒரு ஆளை, அவன் ஒப்பந்தம் முடிந்திருந்தாலும், நீ போகக்கூடாது என்று இன்னொரு வருஷம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சம்பளம் உச்சத்தில் இருக்கும், ஆனால் ஒரே வருஷத்துக்கு. அதற்கு டேக் என்று பெயர்.

"தம்பியைப் பிடிச்சு வைக்கலையா?"

"அதெல்லாம் நட்சத்திரங்களுக்கு. இவனுக்குக் கடைசி ஆட்டத்துல முழங்கால் போச்சு. வெளியே போய் விலை கேட்டுட்டு வான்னு சொல்லிட்டாங்க."

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு மார்ச் மாதத்தில் வந்தது. வேலை நேரம் குறைந்து, நான்கு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். தம்பி வந்து சேர்ந்த வாரத்தில் அமெரிக்கர் என்னைத் தன் ஃப்ளாட்டுக்கு அழைத்தார். அணிகள் பேச ஆரம்பிக்கும் நாள் அன்றைக்கு. அவர்களுக்கு மதியம் என்றால் நமக்கு இரவு எட்டு.

கதவைத் திறந்த தம்பி நிலையை அடைத்துக்கொண்டு நின்றான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முழங்காலில் பட்டை கட்டியிருந்தான். ஊரில் இருந்தால் மாமா, சித்தப்பா, சர்ச்சுக்கு வருகிறவர்கள் என்று எல்லோரும் எந்த அணி, எந்த அணி என்று கேட்பார்களாம். அதற்குப் பயந்துதான் அண்ணனிடம் வந்துவிட்டான்.

எட்டு மணி ஆனதும் லேப்டாப்பில் பெயர்கள் வர ஆரம்பித்தன. யார் எந்த அணிக்கு, எத்தனை வருஷம், அதில் எவ்வளவு உத்தரவாதம். அந்த உத்தரவாதம் என்ற வார்த்தையைத்தான் அண்ணன் தம்பி இருவரும் முதலில் தேடினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று செய்தி வரும், ஆனால் உத்தரவாதம் இல்லாத பகுதியை அணி எப்போது வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். தம்பிக்குப் பக்கத்தில் நின்று ஆடிய இன்னொருவன் அரை மணி நேரத்தில் ஒப்பந்தமாகிவிட்டான். தம்பி உடனே அவனுக்கு வாழ்த்து அனுப்பினான். உண்மையான சந்தோஷத்தோடுதான் அனுப்பினான், முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகு போனை மேசைமேல் வைத்தவன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுக்காக அணிகளோடு பேசும் ஏஜென்ட் ஒரு தடவை கூப்பிட்டார், பொறுமையாக இரு என்று சொல்வதற்காக.

அடுத்த சனிக்கிழமை இருவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். மனைவி இங்கே ஒரு இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கோழிக் குழம்பும் ரசமும் வைத்திருந்தாள். தம்பிக்கு ரசம் பிடித்துப்போய், டம்ளரில் வாங்கிக் குடித்தான். எங்கள் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பிறந்ததே அபுதாபியில். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அவன் எதிரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்போ, உங்களை யாருக்கும் வேண்டாமா?"

"ஏய், வாய மூடு" என்றாள் மனைவி தமிழில்.

அவன் கோபப்படவில்லை. "இதுவரைக்கும் இல்லை" என்றான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தான். "சின்ன வயசுல அவங்க என்னைத் தேர்ந்தெடுத்தாங்க. நாலு வருஷம், எனக்கும் ஒரு நாள் தேர்ந்தெடுக்கிற முறை வரும்னு நினைச்சிட்டு இருந்தேன். வந்துடுச்சு. ஆனா எதிர்ல யாரும் இல்லை."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அமெரிக்கர் பேச்சை மாற்றி என் மனைவியிடம் ரசத்தில் என்ன போடுவீர்கள் என்று கேட்டார்.

இதற்கு நடுவில் எனக்கும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மே மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. கத்தாரில், ராஸ் லஃபானில் ஒரு கம்பெனி என்னை வீடியோவில் இன்டர்வியூ செய்து, மூன்று வருஷத்துக்கு வரச் சொல்லியிருந்தது. இதை மோப்பம் பிடித்த எங்கள் மேனேஜர், கொல்லத்துக்காரர், என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், இந்த ப்ராஜெக்ட் நடுவுல நீங்க போனா க்ளையன்ட் என்னைக் கொன்னுடுவான். முதலாளிகிட்ட பேசிட்டேன். சம்பளம் ஏத்தறோம். இருங்க."

"மூணு வருஷம் போட்டுத் தருவீங்களா?"

"ஒரு வருஷம் போடுவோம். அப்புறம் பார்க்கலாம். நீங்க நம்ம ஆள்தானே?"

வீட்டில் பேசினோம். மனைவிக்குத் தோஹா வேண்டாம். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு பாக்கி, இந்த நேரத்தில் பள்ளி மாற்றுவதா? நான் மட்டும் போவதென்றால் இரண்டு நாட்டில் இரண்டு குடித்தனம். "நம்மள வேணும்னு சொல்றவங்கள விட்டுட்டு, ஏங்க தெரியாத இடத்துக்கு?" என்றாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. வேணும் என்று ஒருவர் சொல்வதைக் கேட்க எனக்கும் பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கேபினில் அமெரிக்கரிடம் சொன்னேன். அவர் ஃபிலிமிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களை டேக் பண்ணிட்டாங்க" என்றார்.

"நல்லதா, கெட்டதா?"

"இந்த வருஷம் நல்லது."

ஏப்ரலில் ஒரு அணி தம்பியை மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொன்னது. அன்றைக்கே டிக்கெட் எடுத்துப் போனான். அணியின் டாக்டர்கள் முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். நன்றி சொல்லி, மதியச் சாப்பாடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் இன்னொரு அணி, ஒரு வருஷத்துக்கு, இருப்பதிலேயே குறைந்த சம்பளத்துக்கு எடுத்தது. உத்தரவாதம் கிடையாது. பயிற்சி முகாமுக்கு ஏகப்பட்ட பேரைச் சேர்த்துக்கொண்டு, சீசன் தொடங்கும் முன்பு பாதிக்குக் கொஞ்சம் குறைய வெளியே அனுப்புவார்களாம். ஆகஸ்ட் கடைசியில், வெளியே ஐம்பது டிகிரி புழுங்கும்போது, அமெரிக்கர் கேபினுக்கு வந்து ஏசிக்குக் கீழே நின்றார்.

"அனுப்பிட்டாங்க. காலையில சாப்பிடப் போறப்ப வாசல்ல ஒருத்தர் நின்னு, கோச் கூப்பிடறார்னு சொல்லியிருக்கார். அந்த ஆளைப் பார்த்தாலே எல்லாரும் வேற பக்கம் பார்ப்பாங்களாம்."

நான் அவர் தோளில் கை வைத்தேன். அதற்கு முன்பு நான் அவரைத் தொட்டதில்லை.

எங்கள் வாசலுக்கு அந்த ஆள் வந்தது நவம்பரில். க்ளையன்ட் அடுத்த கட்ட வேலையை நிறுத்திவிட்டது. முதலில் தொழிலாளர் கேம்ப் காலியானது. பஸ்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன, சாப்பாட்டு வேளையில் கான்டீனில் பேச்சுச் சத்தம் இல்லை. பிறகு எங்கள் முறை. நம்ம ஆள்தானே என்று சொன்ன மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "கலாஸ் சார், எல்லாம் முடிஞ்சுது. என் பேரும் இருக்கு" என்றார். அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது. ஒரு வருஷ ஒப்பந்தத்தில் பாதிதான் ஓடியிருந்தது. நோட்டீஸ் கொடுத்தால் முடிந்தது, மிச்ச மாதங்களுக்கு யாரும் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. ராஸ் லஃபானுக்குப் போன் போட்டேன். அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டது என்றார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அமெரிக்கரை ஹூஸ்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். போகும் முன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ரசப்பொடி வாங்கிக்கொண்டு போனார்.

என்னுடைய விசா ரத்தாவதற்குள் மனைவி தன் பள்ளி வேலையை வைத்து என்னையும் மகளையும் தன் ஸ்பான்சர்ஷிப்பில் கொண்டுவந்தாள். விசா விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோது அங்கிருந்த பெண், "உங்க ஸ்பான்சர் யார் சார்?" என்று கேட்டாள். மனைவியைக் காட்டினேன். அந்தப் பெண் சிரிக்காமல் இருக்க முயன்றாள், மனைவி சிரித்தேவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயந்திரம் மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அப்பாக்கள் என்ன வேலை என்று யாரோ கேட்டபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்ததைக் கவனித்தேன்.

அந்த மாதங்களில் நான் போனை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மனைவிக்குத்தான் தெரியும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவேன். ஒருநாள் அவள் அதை எடுத்துச் சமையலறையில் வைத்துக்கொண்டு, "அடிச்சா நான் சொல்றேன். நீங்க போய் நடந்துட்டு வாங்க" என்றாள். நடந்துவிட்டு வந்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அவள் முகத்திலேயே அது தெரிந்தது.

டிசம்பரில் ஒரு அணியில் யாருக்கோ கை முறிந்து, தம்பியைக் கூப்பிட்டார்கள். அமெரிக்கர் செய்தி அனுப்பியிருந்தார். அவன் ஆடிய துணுக்குகளை மறுநாள் மகளும் நானும் அவள் போனில் தேடிப் பார்த்தோம். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. மகள் நிறுத்தி நிறுத்தி, ஓரத்தில் ஒரு முதுகைக் காட்டி, "இதுதான் அவர்" என்றாள். மூன்று ஆட்டம் ஆடினானாம். சீசன் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது.

எனக்கு வேலை கிடைத்தது ஷார்ஜா தொழில்பேட்டையில், டேங்க் செய்யும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில். பதவி இரண்டு படி கீழே. என்னைவிட இருபது வயது குறைந்த ஒருவர் எனக்கு மேலாளர். நல்ல பையன், "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறான். அபுதாபியிலிருந்து தினமும் போய்வர முடியாது. வாரம் முழுக்க அங்கே மூன்று பேரோடு ஒரு அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்பு இருந்த மாதிரி மறுபடி பேச்சிலர் ரூம். மகள் பன்னிரண்டாம் வகுப்பை நன்றாக எழுதினாள். கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்தது. ஏர்போர்ட்டில் அவள் அழவில்லை. இது தற்காலிகம்தானே அப்பா என்று கேட்டாள். அவள் போவதைச் சொன்னாளா, என் அறையைச் சொன்னாளா என்று தெரியாமலே ஆமாம் என்றேன்.

போன வாரம் அமெரிக்கர் வீடியோவில் வந்தார். தம்பி பக்கத்தில் இருந்தான். முழங்காலுக்கு இன்னொரு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. டாக்டர் இனி ஆட வேண்டாம் என்கிறாராம், ஏஜென்ட் பார்ப்போம் என்கிறாராம். என்னைப் பார்த்ததும் முதலில் அவன் கேட்டது, "உங்களுக்கு டீம் கிடைச்சுதா?"

கிடைத்தது என்றேன். எத்தனை வருஷம் என்று கேட்டான். இரண்டு என்றேன். "உத்தரவாதம்?" என்றான். மனைவி பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நோட்டீஸ் காலம் மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்து, ஒர்க்‌ஷாப் நன்றாகப் போகிறது, ஆர்டர் வருகிறது என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். பேசி முடித்த பிறகு மனைவி மடித்த சட்டைகளை என் பையில் அடுக்கிக்கொண்டே, "நாளைக்கு எத்தனை மணிக்குங்க பஸ்?" என்று கேட்டாள்.