மீன், ஆமை, பன்றி

என் கணவர் சாமிப் படங்களை உடைத்த அன்று நான் வாயே திறக்கவில்லை. கராஜுக்குள் வைத்து, பிள்ளையார், முருகன், லட்சுமி என்று ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்தார். வருடக்கணக்காகக் குடியில் கிடந்த மனிசன் அவர். நாங்கள் வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில், ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம் நடக்கும் தமிழ் ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு போத்தலைத் தொடவில்லை. குடியை நிறுத்தியது எந்தக் கடவுளாக இருந்தால் எனக்கென்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைக் கூட்டி அள்ளினேன். ஆனால் எனக்குக் கோபம் லேசில் போகாது. அன்றைய கோபமும் போகவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். பதினோராம் வகுப்பு. மிருக வைத்தியராக வரவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். "மாட்டு டொக்டரோ?" என்று சொந்தக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. அந்தப் படிப்புக்கு உயிரியல் வேண்டும். அந்த வருடத்து உயிரியலில் பரிணாமம் ஒரு பகுதி. இவர் அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "மனிசன் குரங்கிலையிருந்து வந்தது எண்டு என்ரை பிள்ளைக்குப் படிப்பிக்க உவையளுக்கு ஆர் உரிமை குடுத்தது? கேளும்!" என்று என்னிடம் கத்தினார். நான் அதை மரியாதையான இங்கிலீசில் மாற்றிச் சொன்னேன். உதவி அதிபர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். நம்பச் சொல்லி ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்கிறோம், அந்தப் பகுதியை மட்டும் விட முடியாது, வேண்டாமென்றால் முழுப் பாடத்தையும் விட வேண்டியதுதான் என்றார். மேசையில் ஓங்கி அடித்துவிட்டு எழும்பி வந்தார் இவர்.

பிறகு வழக்குப் போடப்போகிறேன் என்று ஒரு வக்கீலிடம் ஓடினார். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மகள் என்ன சொல்லுறா?" என்று கேட்டாராம். மகளை இவர் எங்கே கேட்டார்? அந்த ஆத்திரத்தோடு வந்து சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். பருப்பு வழிந்து தரைக்கு வந்தது.

"திங்கட்கிழமை போய் அந்தப் பாடத்தாலை அவளை எடுக்கிறன்" என்றார்.

"எடுத்துப் பாருங்கோ" என்றேன் நான்.

அந்தப் பாடத்துக்குச் செய்த வேலையையும் மகள் திங்கட்கிழமைதான் கொடுக்க வேண்டியிருந்தது. பிரிஸ்டல் போர்ட் என்ற பெரிய மட்டையில் ஒரு மரம் வரைந்து, கிளைகளில் உயிர்களை வைத்திருந்தாள். கீழ்க் கிளையில் மீன், அதற்கு மேலே ஆமை, இன்னொரு கிளையில் பன்றி, ஓரத்தில் மனிதன். சனிக்கிழமை காலையில் அதைப் பார்த்த நான், "உது எங்கடை தசாவதாரமெல்லோ? இதையெல்லாம் நாங்கள் எப்பவோ சொல்லிப்போட்டம்" என்று பெருமையடித்தேன். அவள் தலையில் கை வைத்தாள். "ஐயோ அம்மா, அது வேறை, இது வேறை. நீங்களும் அப்பாவும் ஒண்டுதான்." எனக்குச் சுருக்கென்றது.

மத்தியானம் நான் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். இவர் வந்து, மகள் அங்கே மேசையில் வைத்து நிறம் தீட்டிக்கொண்டிருந்த போர்டுக்கு முன்னால் நின்றார். கோயிலில் வளர்ந்த மனிசன்தானே, எதை மறந்தாலும் அது மறக்குமா? விரலை வைத்து எண்ணத் தொடங்கினார். "மச்சம். கூர்மம். வராகம்." முகம் கறுத்துவிட்டது. என்னைப் பார்த்து, "உடைச்ச சாமியை உப்பிடி உள்ளுக்குக் கொண்டு வாறீரோ? பிள்ளையைப் பழக்கி வைச்சிருக்கிறீர் என்ன?" என்று கத்தினார்.

மகள் சிரித்துவிட்டாள். காலையில் நான், மத்தியானம் அவர், இரண்டு பேரும் ஒரே பிழை விட்டால் பிள்ளை சிரிக்காமல் என்ன செய்யும்?

அந்தச் சிரிப்புக்குத்தான் அடி விழுந்தது. கன்னத்தில் அறைந்தார். போர்டைப் பறித்துக் கிழித்தார். அவள் தடுக்கப் போக, தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. அவளுடைய புருவத்திலிருந்து இரத்தம் கொட்டியது.

என் கையில் மாப் பிழியும் பித்தளை இடியப்ப உரல் இருந்தது. நல்ல பாரம். மாவோடு அப்படியே தூக்கி அவருடைய தலையில் போட்டேன். அவர் முழங்காலில் சரிந்து, பக்கவாட்டில் விழுந்தார். நான் குனிந்து இன்னொரு தரம் அடித்தேன்.

மகள் போனை எடுத்துப் பொலிசுக்கு அடித்தாள்.

அவர்கள் வர முன்னம் அவளுடைய புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு, "அப்பா வழுக்கி விழுந்தவர் எண்டு சொல்லு. உனக்கும் கதவு பட்டது எண்டு சொல்லு" என்றேன். தரையில் கிடந்தவரும் முனகிக்கொண்டே, "ஓம் பிள்ளை, அம்மா சொல்லுற மாதிரிச் சொல்லு" என்றார். கனகாலத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பொலிஸ்காரியிடம் நான் வழுக்கிய கதையைச் சொன்னேன். தரையில் கிடந்தபடி இவரும் தலையாட்டினார். பிறகு மகளிடம் கேட்டார்கள். அவள் இங்கிலீசில் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அப்பா அறைந்தது, மயிரைப் பிடித்தது, கதவில் மோதியது. அதோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அம்மா உரலால் அடித்தவர், அப்பா விழுந்தார், விழுந்து கிடக்கும்போது அம்மா திரும்பவும் அடித்தவர் என்றாள்.

"நிச்சயமா?" என்று கேட்டாள் பொலிஸ்காரி.

"நான் கண்ணாலை பார்த்தது" என்றாள்.

எனக்குப் பற்றி எரிந்தது. ஆருக்காக அடித்தேன் என்று கத்த வாய் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. முதல் அடி அவளுக்காக. மற்றது கராஜில் கண்ணாடி கூட்டிய எனக்காக. அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். எனக்கு விலங்கு போட்டார்கள். யூனியன்வில்லில் இருக்கும் என் தங்கச்சி வந்து மகளைப் பொறுப்பெடுத்தாள். என்னைக் கொண்டுபோகும்போது வாசலில் நின்று மகளிடம் திரும்பி, "திங்கட்கிழமை அந்தப் போர்டை ஒட்டிக் குடுத்துப்போடு. பாடத்தை மட்டும் விட்டுடாதை" என்றேன்.

"விடமாட்டன் அம்மா" என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. புருவத்துத் துணியை ஒரு கையால் பிடித்தபடி, மாவுக்குள் கிடந்த போர்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.