சாக்லேட்டா, காப்பிக்கொட்டையா?

போன வாரம் எங்கள் வீட்டு ஹாலுக்குப் பெயின்ட் அடித்தேன். எங்கள் வீடு என்றால்... அப்பா கட்டிய வீட்டில் வலது பாதி. இடது பாதி அண்ணனுக்கு. ஹாலுக்கு நடுவே ஒரு சுவர். அது எழும்பிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அண்ணன் தன் பக்கம் முன்பே டார்க் சாக்லேட் அடித்துவிட்டான். கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். அழகு! எனக்கு வயிறு எரிந்தது. அதே மாதிரி வேண்டும் — ஆனால் அதே கலர் கூடாது. உங்களிடம் சொல்வதற்கென்ன, என் புத்தி அப்படி!

அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கினான் என்பதற்காகவே நான் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் இரண்டு அட்டைகளை நீட்டினார். பெயரெல்லாம் இங்கிலீஷ். ஆறாம் கிளாஸோடு நின்றவனுக்கு என்ன விளங்கும்? வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நிழலில் பிடித்துப் பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தானய்யா இருக்கு?"

"இது சாக்லேட்டு, செவப்பு தூக்கல். அது காப்பிக்கொட்டை, மஞ்சள் தூக்கல். சுவத்துல ஏறட்டும் அண்ணாச்சி, பொறவு சொல்லுங்க."

காப்பிக்கொட்டை ஏறியது. ஈரத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. காய்ந்ததும்? ட்யூப்லைட் வெளிச்சத்தில் அசல் சாக்லேட்!

தளவாய்புரத்திலிருந்து தங்கச்சி வந்தாள். அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் இருவரும் மேடையில் சேர்ந்து நின்று மாலை போட வேண்டும் — அவளுக்கு அது ஒன்றுதான் கவலை. அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு என் பக்கம் வந்தவள், சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஏண்ணே, அங்கயும் இதே கலருதான! பேசாமலே ரெண்டு பேருக்கும் புத்தி ஒண்ணாப் போகுது. மேடையில செத்த நேரம் சேந்து நின்னா கொறஞ்சா போயிருவிய?"

"ஏட்டி, அது சாக்லேட்டு. இது காப்பிக்கொட்டை."

"ஆமா... பெரிய வித்தியாசம்!"

சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள். எனக்கும் என்னமோ செய்தது.

"சரி, நான் நிக்கேன். பெரியவுககிட்டப் போய்க் கேளு."

அண்ணன் பக்கம் ஓடினாள். சின்னவன் வீட்டிலும் இதே கலர்தான் என்று அங்கேயும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். "பெரியண்ணே யோசிச்சுச் சொல்லுதேன்னாக" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நம்பிக்கையோடுதான் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை அண்ணன் வாசலில் பெயின்டர். கையில் வெள்ளை பெயின்ட் டப்பா.

"என்னப்பா, இப்பத்தான அடிச்சாக?"

"ஒங்க வீட்டுலயும் அதே கலராமே அண்ணாச்சி. அவுகளுக்கு இனி அது ஆகாதாம். டார்க்க மறைக்க ஒரு கோட் பத்தாதுன்னேன். எம்புட்டு ஆனாலும் அடின்னுட்டாக."

அண்ணன் யோசித்துப் பதில் சொல்லிவிட்டான். தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்ல எனக்குத்தான் தைரியம் வரவில்லை.